பிங்கி ஏன் சாப்பிடவில்லை?

கோடை விடுமுறைக்கு நான் சென்னையில் என் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். கடற்கரை பார்த்தேன், மெட்ரோ ரயிலில் போனேன். அதையெல்லாம் எழுதப் போவதில்லை. அங்கே பார்த்த ஒரு பிராணியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

பெரியம்மா மகன், அதாவது என் அண்ணா, அதைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறார். முதலில் பார்த்தபோது, "ஐயோ, தொட்டிக்குள்ள பல்லி விழுந்து கெடக்கு!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அது பல்லி இல்லை. அதன் பெயர் ஆக்ஸலாட்டில். தவளையைப் போல இருவாழ்வி, சாலமாண்டர் வகையைச் சேர்ந்தது. தலைப்பிரட்டைக்குச் செவுள் இருக்கும், தவளை ஆனதும் மறைந்துவிடும் என்று படித்திருக்கிறோம் இல்லையா? ஆக்ஸலாட்டிலுக்குக் கடைசி வரை செவுள் போகாது. தலைக்குப் பின்னால் பக்கத்துக்கு மூன்றாக, சிவப்பு இறகு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கால் துண்டானால்கூட மறுபடி முளைக்கும். அண்ணா வளர்ப்பது வெளிர் ரோஸ் நிறம். அதனால் பெயர் பிங்கி.

நான் போனபோது பிங்கி ஆறு நாளாகச் சாப்பிடவில்லை. அண்ணா கடையில் வாங்கிய உருண்டைத் தீனியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். பெரியம்மா, "கோழிக்கறி கொஞ்சம் போட்டுப் பாரு" என்றார். (போடக் கூடாது. கோழிக்கறி, ஆட்டுக்கறி எல்லாம் அதற்குச் சரியாகச் செரிக்காது.) பெரியப்பா, "பேசாம ஏரியில விட்டுட்டு வா, பொழச்சுக்கும்" என்றார். அன்றைக்கு அண்ணாவும் சாப்பிடவில்லை.

எல்லோரும் தீனியைப் பற்றியே பேசினோம். தப்பு தண்ணீரில் இருந்தது.

தொட்டியில் வெப்பமானி வைத்துப் பார்த்தால் 31 டிகிரி. ஆக்ஸலாட்டிலுக்கு வேண்டியது 16 முதல் 18 டிகிரி. 24-ஐத் தாண்டினாலே ஆபத்து. ஏன் என்றால் அதன் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தில் உள்ள சோச்சிமில்கோ ஏரி. அந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம்ம ஊட்டியும் ஏறக்குறைய அதே உயரம்தான். ஊட்டித் தண்ணீரில் இருக்க வேண்டியதைச் சென்னை மே மாதத்தில் ஜன்னல் ஓரம் வைத்தால் எப்படிச் சாப்பிடும்? சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. பிங்கியின் செவுள்கள் முன்பக்கமாக வளைந்திருந்தன, வால் நுனி கொக்கி மாதிரி மடங்கியிருந்தது. இரண்டும் அது கஷ்டப்படுவதற்கு அடையாளமாம்.

ஐஸ்கட்டியை அப்படியே கொட்டிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அது தப்பு. திடீரென்று குளிர்ந்தாலும் அதிர்ச்சியாகிவிடும். பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, ஐஸ் ஆக்கி, மூடியோடு மிதக்க விட்டோம். தொட்டி மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, மின்விசிறிக் காற்று தண்ணீர் மேல் படும்படி வைத்தோம். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பது இதனால்தான். ஆனால் சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், விசிறியால் மட்டும் 28-க்குக் கீழே வரவில்லை. அப்புறம் தொட்டியை ஏசி அறைக்கு மாற்றினோம். கரண்ட் பில்லைப் பற்றிப் பெரியம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது.

இன்னொரு தப்பும் கண்டுபிடித்தோம். அது கழிவாக அம்மோனியாவை வெளியேற்றும். அது விஷம். வடிகட்டியின் பஞ்சில் வளரும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரஜன் சுழற்சி பாடம்தான்! அண்ணா என்ன செய்திருக்கிறார் தெரியுமா? பஞ்சு அழுக்காக இருக்கிறதென்று குழாய்த் தண்ணீரில் வெள்ளையாகும் வரை கசக்கிப் பிழிந்திருக்கிறார். குளோரினில் பாக்டீரியா எல்லாம் போச்சு. சோதனைச் சொட்டு மருந்தை விட்டதும் தண்ணீர் பச்சையானது. அம்மோனியா இருக்கிறது என்று அர்த்தம். தினமும் கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றினோம். அதற்கான தண்ணீரை முதல் நாளே வாளியில் திறந்து வைத்து, குளோரின் நீக்கும் மருந்தும் கலந்தோம். பஞ்சை இனிமேல் தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும்.

தொட்டி அடியில் இருந்த கலர் கூழாங்கற்களை எடுத்துவிட்டோம். ஆக்ஸலாட்டில் இரையைத் தண்ணீரோடு உறிஞ்சித்தான் விழுங்கும். கல்லும் உள்ளே போய்க் குடலை அடைத்துவிடும். அதற்குக் கண் இமை கிடையாது, வெளிச்சம் பிடிக்காது. அதனால் பாதி உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தோம். உடனே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

மீனுக்கு விற்கும் மருந்து எதையும் ஊற்றவில்லை. அதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும், மீனுக்கு நல்லது இதைக் கொன்றுவிடலாம். செவுளில் பஞ்சு போல வெள்ளைப் பூஞ்சை வந்தாலோ, வயிறு வீங்கினாலோ, இறங்க முடியாமல் மிதந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிங்கிக்கு அப்படி எதுவும் இல்லை.

தீனிக்கு நான் மண்புழு தேடினேன். இதில் நான்தான் எக்ஸ்பர்ட்! எருக்குழியில் இருக்கும் சிவப்புக் குட்டிப் புழு கசக்கும், பல ஆக்ஸலாட்டில்கள் துப்பிவிடும். பூச்சி மருந்து அடித்த இடத்துப் புழுவும் ஆகாது. பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தடியில் தோண்டி, அலசி, துண்டாக்கி, இடுக்கியால் அதன் மூக்குக்கு முன்னால் ஆட்டிக் காட்டினோம். திரும்பிக்கொண்டது. தின்னாத துண்டை உடனே எடுத்துவிட்டோம், இல்லையென்றால் அழுகித் தண்ணீர் மறுபடி கெட்டுவிடும்.

ஏரியில் ஏன் விடவில்லை என்று கேட்பீர்கள். ஏரித் தண்ணீரும் சூடுதான், செத்துப்போயிருக்கும். அதோடு, அதனிடம் நோய் இருந்தால் நம் தவளைகளுக்கு ஒட்டிவிடும். சோச்சிமில்கோவில் வெளியூர் மீன்களை விட்டதால்தான் ஆக்ஸலாட்டிலுக்கே கேடு வந்தது. கெண்டையும் ஜிலேபி மீனும் அதன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. நாம் குழம்பு வைக்கிற அதே ஜிலேபிதான். நகரக் கழிவும் சேர்ந்து, 2006-இல் இருந்து அது மிகவும் அழியும் நிலையில் உள்ள உயிரினப் பட்டியலில் இருக்கிறது. 2021-இல் வந்த மெக்சிகோ 50 பெசோ நோட்டில் அதன் படம் இருக்கிறது. ஏரியில்தான் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

நான் ஊருக்குக் கிளம்பும் வரை பிங்கி வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் 22 டிகிரிக்கு வந்திருந்தது, செவுள் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது, அவ்வளவுதான். பஸ்ஸில் எனக்கு அழுகையாக வந்தது. மூன்றாம் நாள் இரவு அண்ணா அம்மா போனுக்குக் கூப்பிட்டார். "பாதிப் புழு தின்னுச்சு. மிச்சத்தைத் துப்பிடுச்சு" என்றார்.

— 9-ஆம் வகுப்பு மாணவி