மலைச் சரக்கின் மணமும் அது விளையும் இடமும்

மலைப்பகுதிச் சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யச் செல்லும்போதெல்லாம் அங்கத்தினர்கள் நம்மிடம் எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. ‘அதே துளசி, அதே எடை, போன முறை ஒரு விலை, இந்த முறை வேறு விலை, இது என்ன நியாயம்?’ என்பதே அது. வாங்குவோரின் தந்திரம் என்று சிலர் கருதுகின்றனர். சில இடங்களில் அதுவும் இருக்கலாம். ஆனால் வாசனைச் சரக்குகளைப் பொறுத்தவரை விலையை ஏற்றி இறக்குவது தழையின் எடையன்று. அதனுள் அடங்கியுள்ள வாசனை எண்ணெயே ஆகும். அவ்வெண்ணெயின் அளவு செடி விளைந்த இடத்திற்கும் பருவத்திற்கும் ஏற்ப மாறக்கூடியது.

இவ்வெண்ணெய் நல்லெண்ணெயைப் போன்றதன்று. நல்லெண்ணெய் காகிதத்தில் பட்டால் கறை நிலைத்து நிற்கும். இதுவோ சிறிது நேரத்தில் ஆவியாகிப் பறந்துவிடும். துளசி, கற்பூரவள்ளி, புதினா ஆகியவற்றில் இது இலையின் மேலுள்ள மிக நுண்ணிய சுரப்பிகளில் தங்கியிருக்கிறது. வெட்டிவேரிலோ வேரினுள் உள்ளது. புழு பூச்சி, பூஞ்சணம், மேயும் விலங்கு ஆகியவற்றினின்று தன்னைக் காத்துக்கொள்ளச் செடிக்கு இது உதவுகிறது. ஆதலால் சுகமாக வளர்ந்த செடியில்தான் மணம் மிகும் என்று எண்ணுவது பொருந்தாது.

கால்வாய் ஓரத்து மண்ணில் வளர்ந்த செடியின் இலை அகன்று விரிகிறது, நீர் நிறைகிறது. கற்பாங்கான சரிவில் வெயிலைத் தாங்கி நிற்கும் அதே இனச் செடியின் இலை சிறுத்துவிடுகிறது. சிறிய இலையில் சுரப்பிகள் நெருங்கி அமைவதால் நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கில் எண்ணெய் கூடுதலாகத் தெரிவது பல செடிகளில் கண்ட உண்மை. இதைக் கேட்டதும் சில அன்பர்கள் பாசனத்தை நிறுத்திவிட எண்ணக்கூடும், அவசரப்பட வேண்டாம். கணக்குக்காக ஒன்று சொல்வோம். நீர் பாய்ந்த ஒரு ஏக்கரில் 4,000 கிலோ தழையும் அதில் 0.4 சதவிகித எண்ணெயும் கிடைப்பதாக வைத்துக்கொண்டால் மொத்தம் 16 கிலோ எண்ணெய் ஆகிறது. வறண்ட ஏக்கரில் சதவிகிதம் 0.6 ஆக உயர்ந்தாலும் தழை 2,000 கிலோவாகக் குறைந்தால் 12 கிலோவே மிஞ்சும். தன் நிலத்தில் பயிரிட்டுத் தானே வாலையில் வடிப்பவர் மொத்த எண்ணெயைப் பார்க்க வேண்டும். காட்டில் சேகரித்துத் தழையாக விற்பவருக்குச் சதவிகிதமே முக்கியம்.

மழையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எலுமிச்சைப்புல் வடிப்போர் அனைவரும் அறிந்ததுதான். அடைமழைக் காலத்துப் புல்லில் நீர் மிகுந்து எண்ணெய் விகிதம் குறைகிறது.

வயதும் பகற்பொழுதின் நீளமும் எண்ணெயின் குணத்தையே மாற்றவல்லவை. மேனாட்டு மிளகுப்புதினாவின் இளந்தளிரில் மெந்தோன் மிகுதியாயிருக்கும். இலை முதிர முதிர அது மெந்தாலாக மாறுகிறது. நீண்ட பகலும் குளிர்ந்த இரவும் இச்செடிக்கு ஏற்றவை. பகல் குறுகி இரவு வெப்பமாக இருந்தால், விலையைக் கெடுக்கும் மெந்தோபியூரான் என்னும் பொருள் அதில் மிகுந்துவிடுகிறது. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. மிளகுப்புதினா வேர்க்கட்டைகளை அதிக விலைக்கு விற்க வருவோரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

இனி, எல்லாவற்றையும் இடத்தின் மீதே ஏற்றிவிடவும் கூடாது. பிரான்சின் தெற்கே மாண்ட்பெல்லியே நகருக்கு வடக்கிலுள்ள குன்றுகளில் தைம் என்னும் காட்டு மூலிகை மண்டிக் கிடக்கிறது. பார்வைக்கு எல்லாம் ஒரே செடிதான். எண்ணெயிலோ 6 வகைகள் உள்ளன. வெயில் காயும் கற்சரிவுகளில் நிற்பவற்றில் தைமாலும் கார்வகராலும் மிகுதி. நம் ஓமத்துக்கு மணம் தருவதும் இந்தத் தைமாலே. குளிர்காலத்தில் குளிர்ந்த காற்று இறங்கித் தேங்கும் பள்ளத்தாக்கிலோ லினலால் போன்ற மென்மணப் பொருள்களைக் கொண்ட வகைகளே நிற்கின்றன. சில கிலோமீட்டர் தூரத்தில் இவ்வளவு வேற்றுமை! ஆனால் இவ்விரு வகைகளையும் ஒரே இடத்தில் நட்டாலும் அவை தத்தம் எண்ணெயை மாற்றிக்கொள்வதில்லை. வகை வித்தில் இருக்கிறது. கடும் உறைபனி தைமால் வகையைக் கொன்று மற்றதை விட்டுவைத்ததாலேயே இடத்துக்கு ஒரு வகை அமைந்தது. 1970-களில் எடுத்த கணக்கைச் சுமார் 35 ஆண்டுகள் கழித்து ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டபோது, உறைபனியின் கடுமை குறைந்துவிட்ட அவ்விடங்களில் முன்பு இல்லாத தைமால் வகை குடியேறியிருக்கக் கண்டனர்.

ஆகவே நல்ல மணமுள்ள சரிவிலிருந்து விதையெடுத்து வயலில் பயிரிட விரும்புவோர், முதலில் அது வித்தின் குணமா வெயிலின் குணமா என்று சிறு பாத்தியில் ஓராண்டு பார்த்துக்கொள்ள வேண்டும். வித்தின் குணமானால் வயலுக்கும் வரும். வெயிலின் குணமானால் சரிவிலேயே நின்றுவிடும்.

சங்கங்களில் நாம் காணும் பெருங்குறை, சரக்கைக் கலந்துவிடுவதே. ஒரு சங்கத்தின் கிடங்கில் பாசன வயல் துளசியையும் பாறைச் சரிவுத் துளசியையும் ஒரே குவியலாகக் கொட்டியிருந்தனர். வாங்குவோர் மாதிரி எடுத்துச் சோதித்துக் குவியல் முழுவதற்கும் தாழ்ந்த விலையே கொடுத்தனர். சரிவு ஏறி இறங்கிய பெண்களின் உழைப்பு அதில் கரைந்து போயிற்று. இரண்டு சாயத் தொட்டியின் நூலை ஒரே பாவில் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை நம் நெசவாள அங்கத்தினர்கள் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

மூட்டைதோறும் இடம், பறித்த நாள், பறித்தவர் பெயர் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். தழையை வெயிலில் காய வைத்தால் எண்ணெயில் ஒரு பகுதி பறந்துவிடும். காற்றோட்டமுள்ள நிழலே தகுந்தது. வேரோடு பிடுங்காமல் நுனிக்கிளைகளை மட்டும் கொய்தால் அதே செடி மறுபடியும் தழைக்கும். மேலும், எண்ணெயின் அளவை அறியப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. 1928-ல் கிளெவெஞ்சர் என்பவர் அமைத்த கண்ணாடிக் கருவி இன்றும் வழக்கில் உள்ளது. நிறுத்த தழையை நீரிலிட்டுச் சில மணி நேரம் கொதிக்கவைத்தால், பிரிந்த எண்ணெய் அளவுக்குழாயில் மிதக்கும்; எத்தனை மில்லி என்று கண்ணாலேயே படித்துக்கொள்ளலாம். அருகருகேயுள்ள நான்கைந்து சங்கங்கள் சேர்ந்து ஒரு கருவி வாங்கி, எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் இளைஞரையோ பெண்ணையோ அதில் பழக்குவது எளிது. அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர விரும்பும் சங்கங்கள், கொள்முதல் விலையைச் சோதனை முடிவுக்கேற்ப இரு தரமாகப் பிரிப்பதையும் அத்துடன் சேர்த்தே முன்வைக்கலாம்.