சோமநாதமும் கிர்நார்ப் பாறையும்
குஜராத்தில், பலமுறை இடிக்கப்பட்டும் மீண்டெழுந்து, 1951இல் மறுபடியும் லிங்கப் பிரதிஷ்டை கண்ட சோமநாதர் ஆலயத்தைத் தரிசித்ததும் நம்மில் பலர் ஊர் திரும்பிவிடுகிறோம். அங்கிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டரில் உள்ளது ஜூனாகட். கிர்நார் மலைக்குச் செல்லும் வழியில், ஒரே பாறையில் அசோகர், உருத்திரதாமன், ஸ்கந்தகுப்தர் ஆகிய மூவர் காலத்துக் கல்வெட்டுகளையும் காணலாம்.

மௌரியர் அமைத்த சுதர்சன ஏரியின் அணை பெரும்புயலில் உடைந்தது. குடிமக்கள்மீது வரிச்சுமை ஏற்றாமல், தம் கருவூலப் பொருளைக் கொண்டே அதைச் சீரமைத்ததாகக் கி.பி. 150ஐ ஒட்டி உருத்திரதாமன் பொறித்துள்ளார். ஸ்கந்தகுப்தர் காலத்திலும் அணை உடைந்தது, மீண்டும் கட்டப்பட்டது.

இன்று ஏரி இல்லை. செலவுக்குக் கணக்குச் சொன்ன கல் நிற்கிறது. அதைக் காண, நம் யாத்திரையில் ஒரு பகலைக் கூட்டிக்கொள்வோம்.