வளராத புல்லுக்கு வைத்தியம்

1965-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் திறக்கப்பட்ட ஆஸ்ட்ரோடோம், கூரை மூடிய மாபெரும் பேஸ்பால் அரங்கம். அதன் தரையில் முதலில் இருந்தது உயிருள்ள புல். அதற்கு வெளிச்சம் வேண்டுமே என்று கூரையில் ஒளிபுகும் தகடுகளைப் பதித்திருந்தார்கள். ஆனால் கண் கூசியதால் உயரே எழும்பிய பந்து ஆட்டக்காரர்களுக்குத் தெரியவில்லை. தகடுகளுக்குச் சாயம் பூசினார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது. அடுத்த ஆண்டே, மான்சான்டோ நிறுவனம் நைலான் இழையில் உருவாக்கியிருந்த செயற்கைப் புல்லை அங்கே விரித்தார்கள்.

வெயில் இல்லாத இடத்தில் பேர் வாங்கிய அந்தப் புல், இன்று வெயில் கொளுத்தும் ஊர்களுக்குக் குடிவந்திருக்கிறது. தண்ணீர்த் தட்டுப்பாட்டில் தவிக்கும் அரிசோனா, நெவாடா, தென் கலிஃபோர்னியா பகுதிகளில் ஏராளமான வீடுகளின் முன்னும் பின்னும் அதுதான் விரிந்து கிடக்கிறது. அங்கே அது தேய்கிறது, வெளுக்கிறது, சில இடங்களில் உருகியும் போகிறது. அதை எப்படிச் சரிசெய்வது என்று கேட்டால், விடை பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகளில் தொடங்குகிறது.

பச்சைப் புல்லை மாடு மேய்ந்தாலும் மறுபடி வளரும். காரணம், அதன் இலையை வளர்க்கும் திசு நுனியில் இல்லை. மண்ணை ஒட்டி, அடியில் இருக்கிறது. நுனி போனால் அடியிலிருந்து புதிது தள்ளிக்கொண்டு வரும். பிளாஸ்டிக் இழைக்கு அந்தத் திசு கிடையாது. அதற்கு நேர்ந்ததெல்லாம் அதனிடமே தங்கிவிடும். ஆகவே பழுது பார்க்க வருபவர் முதலில் கண்டறிய வேண்டியது, இழை படிந்திருக்கிறதா, நொறுங்குகிறதா, உருகியிருக்கிறதா என்பதைத்தான்.

படிந்த இழை பிழைத்துக்கொள்ளும். வீட்டுப் புல் இப்போது பெரும்பாலும் பாலிஎத்திலீனில் செய்யப்படுகிறது. நைலானைவிட மென்மையானது, பாதத்துக்கு இதமானது; ஆனால் விறைப்பு குறைவு. ஒரே பாதையில் நாள்தோறும் நடந்தால் இழைக்குள் இருக்கும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் மெல்ல மெல்ல நழுவி, வளைந்த நிலையிலேயே நிலைத்துவிடும். படிந்த தலைமுடியை எதிர்த்திசையில் சீவுவதுபோல, விறைப்பான பிளாஸ்டிக் தூரிகையால் சாய்வுக்கு எதிராகத் துலக்கினால் இழைகள் நிமிரும். நிமிர்ந்தவை மறுபடி சாயாமல் இருக்க அவற்றின் இடையே சிலிக்கா மணலைத் தூவ வேண்டும். மணல் காய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அடிவரை இறங்காது. உருண்டை மணியாகவும் இருக்க வேண்டும். கூரான மணல் இழையை அராவிவிடும். புல் சரியில்லை என்று நினைக்கும் பல வீடுகளில் உண்மையில் குறைந்திருப்பது இந்த மணல்தான்.

நொறுங்கும் இழையின் கதை வேறு. புற ஊதாக் கதிரின் ஆற்றலால் மூலக்கூறுச் சங்கிலி அறுகிறது. அறுந்த முனையோடு காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்ந்து, அந்த அறுப்பை அடுத்தடுத்த சங்கிலிகளுக்கும் பரப்புகிறது. இதைத் தடுக்கத்தான் இழை தயாரிக்கும்போதே நிலைப்படுத்தும் வேதிப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். அவை தீர்ந்தபின் இழை வெளுத்து, விரலால் மடித்தால் ஒடியும். ஒடிந்த துகள் மண்ணிலும் மழைநீரிலும் நுண்பிளாஸ்டிக்காகக் கலக்கும். இந்த நிலைக்கு வைத்தியம் இல்லை.

உருகிய புல்தான் வியப்பூட்டுவது. வெயிலில் செயற்கைப் புல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும். உயிருள்ள புல்லைப்போல நீராவியை வெளியிட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள அதனால் முடியாது. ஆனாலும் பாலிஎத்திலீன் உருக நூறு டிகிரிக்கு மேல் வேண்டும். அந்த வெப்பம் வருவது பக்கத்து ஜன்னலிலிருந்து. வெப்பத்தைத் தடுக்கும் பூச்சு கொண்ட இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களில், இரண்டு தகடுகளுக்கும் இடையே வாயு அடைபட்டிருக்கும். உள்ளே அழுத்தம் குறைந்தால் வெளித்தகடு கண்ணுக்குத் தெரியாத அளவு உள்வாங்கிக் குழியாடி ஆகிவிடும். அது வெயிலைக் குவித்துத் தரையில் வீசும். சூரியன் நகர நகர அந்த வெளிச்சமும் நகர்ந்து, புல்லில் கோடுகோடாக உருகிய தடத்தை விட்டுச் செல்லும். ஜன்னலின் வெளிப்பக்கம் வலை போட்டு அந்தப் பிரதிபலிப்பைத் தடுக்காமல் புல்லை மட்டும் மாற்றினால், மறு கோடையிலும் அதே இடம் உருகும்.

உருகிய இடத்தை வெட்டியெடுத்து ஒட்டுப்போடுவது நுணுக்கமான வேலை. மணலை உறிஞ்சி எடுத்துவிட்டு, புல்விரிப்பைப் புரட்டி, பின்புறத்தில் தெரியும் தையல் வரிசைகளுக்கு நடுவே கத்தியை ஓட்ட வேண்டும். மேலிருந்து வெட்டினால் நல்ல இழைகளும் அறுந்துபோகும். ஒட்டுத் துண்டின் இழைகள் பழையவை சாய்ந்த பக்கமே சாய்ந்திருக்க வேண்டும்; திசை மாறினால் ஒளி வேறு விதமாகத் தெறித்து, ஒரே சுருளில் வெட்டிய துண்டும் வேறு நிறமாகத் தெரியும். இணைப்பில் விடும் இடைவெளி, தையல் வரிசைகளுக்கு இடையே உள்ள அதே அளவாக இருக்க வேண்டும். கூடினால் கோடு தெரியும், குறைந்தால் மேடு தட்டும். அடியில் இணைப்புத் துணியை விரித்து, பாலியூரித்தேன் பசை தடவி, ஓர் இழையும் பசையில் சிக்காமல் விளிம்புகளை இறக்கி, பாரம் வைத்துக் காயவிடுவார்கள். ஒட்டுத் துண்டை எங்கிருந்து எடுப்பது? பரணில் கிடக்கும் மிச்சச் சுருள் வெயில் படாததால் பளிச்சென்று தனித்துத் தெரியும். அதே முற்றத்தில், கண்ணில் படாத ஒரு மூலையிலிருந்து எடுத்தால் நிறம் பொருந்தும். புதுத் துண்டை அந்த மூலைக்குக் கொடுத்துவிடலாம்.

இவ்வளவு மெனக்கெடுவது அழகுக்காக மட்டும் அல்ல. இழை ஒரு பிளாஸ்டிக், அதைத் தாங்கும் அடித்துணி வேறொன்று, இரண்டையும் பிடித்திருக்கும் பசை மூன்றாவது, மணலும் சேர்ந்துகொள்கிறது. பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம் என்பதால், பெயர்த்தெடுத்த புல் பெரும்பாலும் குப்பைமேட்டுக்கே போகிறது. எனவே மடித்தால் இழை ஒடியாமல் இருக்கும்வரை, துலக்கியும் மணல் தூவியும் ஒட்டுப்போட்டும் அதைக் காப்பாற்ற வேண்டும். ஒடியத் தொடங்கிவிட்டால், துகள் பரவுமுன் தயங்காமல் எடுத்துவிட வேண்டும். அந்த இடத்தில் அடுத்து என்ன போடுவது என்று யோசிக்கும்போது, அந்த மண்ணுக்குப் பழகிய, குறைந்த தண்ணீரில் வளரும் செடிகளையும் எண்ணிப் பார்க்கலாம். அவை தங்கள் பழுதைத் தாங்களே பார்த்துக்கொள்ளும்.