மாதம் 1,500 ரூபாயில் என்ன ஆகும்? மாற்றுத்திறனாளி வீட்டு பட்ஜெட்டில் துண்டு விழுவது எங்கே?

ராஜபாளையத்தில் ஒரே தெருவில் இரண்டு வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வீட்டுக்கும் வருவது ஒரே மில் சம்பளம். ஒரு வீட்டில் மட்டும் நடக்க முடியாத பிள்ளை இருக்கிறது. அரசின் வருமானக் கணக்கில் இரண்டும் சம நிலையில் உள்ள குடும்பங்கள். ஆனால் மாதக் கடைசியில் மளிகைக் கடையில் கடன் சொல்வது எந்த வீடு?

பதில் எல்லோருக்கும் தெரியும். அது ஏன் அரசுக் கணக்கில் தெரிவதில்லை?

வருமானம் எப்படிக் குறைகிறது?

ராஜபாளையத்தில் நூற்பாலைகள், பக்கத்தில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி உற்பத்தி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா தயாரிப்பு. இந்தப் பகுதியில் கிடைக்கும் வேலைகளில் பல, மணிக்கணக்கில் நின்று செய்ய வேண்டியவை அல்லது ஷிஃப்ட் முறையில் நடப்பவை. உடல் ஒத்துழைக்காவிட்டால் முதலில் போவது வேலைதான்.

2018-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளில் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்த்தே 23.8 சதவீதம் பேர்தான்.

இதோடு முடிவதில்லை. பிள்ளையைத் தூக்கி உட்காரவைக்க, சாப்பாடு ஊட்ட, கழிப்பறைக்கு அழைத்துப் போக வீட்டில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். பெரும்பாலும் அது அம்மாதான். அவர் வேலையை விட்டால் இன்னொரு சம்பளமும் போச்சு.

செலவு எப்படிக் கூடுகிறது?

"பஸ் ஃப்ரீதானே?" என்று கேட்பார்கள். உண்மைதான். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் மாற்றுத்திறனாளியும் துணைக்கு ஒருவரும் இலவசமாகப் போகலாம். ஆனால் வீல்சேரோடு படியேற முடியாதவருக்கு அந்த இலவசத்தால் பயனில்லை. அவருக்கு ஆட்டோதான்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருப்பது விருதுநகரில். ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி தாண்டிப் போக வேண்டும். போய் வர ஒரு நாள் ஆகும். துணைக்கு வருபவரின் அன்றைய கூலியும் போய்விடும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பெரிய சிகிச்சைகளுக்குக் கைகொடுக்கிறது. ஆனால் தினமும் தேவைப்படும் டயப்பர், சிறுநீர்க் குழாய், படுக்கைப் புண்ணுக்கான மருந்து இவையெல்லாம் பெரும்பாலும் கைக்காசில்தான். சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியைக்கூட, பக்கத்து ஊர்க்காரர் மெடிக்கல் ஷாப்பில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

அமர்த்தியா சென் சொன்னது என்ன?

நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் இந்த இரட்டை அடியைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, சம்பாதிப்பதில் வரும் தடை. இன்னொன்று, சம்பாதித்த பணத்தை வாழ்க்கையாக மாற்றுவதில் வரும் தடை. அதாவது, மற்றவர் 100 ரூபாயில் செய்யும் ஒரு காரியத்துக்கு இவருக்கு அதைவிட அதிகம் தேவைப்படும்.

இதற்கு அவர் எடுத்துக்காட்டியது, பிரிட்டன் பற்றி வீப்கே குக்லிஸ் செய்த ஆய்வு. அங்கே வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 17.9 சதவீதம். மாற்றுத்திறனாளி உள்ள குடும்பங்களில் இது 23.1 சதவீதம். கூடுதல் செலவையும் கணக்கில் சேர்த்தபோது 47.4 சதவீதமாக எகிறியது. வருமானத்தை மட்டும் பார்த்தால் பாதி வறுமை கண்ணில் படாமலே போய்விடுகிறது.

அரசு தருவது எவ்வளவு?

தமிழ்நாட்டில் வருவாய்த் துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000 ரூபாயில் இருந்து 1,500 ஆக உயர்ந்தது. நாளுக்கு 50 ரூபாய். கடுமையான பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு போன்றவை உள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தில், 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு வெறும் 300 ரூபாய்.

அண்டை மாநிலங்களில்? தெலங்கானா 2023-ல் 4,016 ரூபாயாகவும், ஆந்திரா 2024-ல் 6,000 ரூபாயாகவும் உயர்த்தின. ஆந்திராவுக்கு இணையாகத் தர வேண்டும் என்று தமிழ்நாட்டு மாற்றுத்திறனாளி அமைப்புகள் போராடியதற்குக் காரணம் இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 24-வது பிரிவு, மற்றவர்களுக்கான இதே போன்ற திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக உதவி தர வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆனது. அதில் 25 சதவீதம் கூட்டினால் சரியாக 1,500.

சட்டத்தின் குறைந்தபட்சக் கணக்கு டேலி ஆகிவிட்டது. ஆனால் ஒரு மாற்றுத்திறனாளிக்கு மாதம் உண்மையில் எவ்வளவு கூடுதல் செலவாகிறது என்ற கேள்வியே இந்தக் கணக்கில் இல்லை. சிக்கல் இங்கேதான்.

சான்றிதழ் இல்லாவிட்டால்?

எதுவுமே கிடைக்காது. 2018 ஆய்வில் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வைத்திருந்தவர்கள் 28.8 சதவீதம் பேர் மட்டுமே.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

• முதலில் யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டை. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீத பாதிப்புச் சான்று தேவை.

• 1,500 ரூபாய் ஓய்வூதியம் பற்றி ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா அலுவலகங்களில் விசாரிக்கலாம். பராமரிப்பு உதவித்தொகைக்கு விருதுநகர் நல அலுவலகம்.

• ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 'நிரமயா' காப்பீடு உண்டு. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. தெரபிச் செலவும் இதில் அடங்கும்.

• மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் இருந்தால் மத்திய அரசின் 'அடிப்' திட்டத்தில் உதவி உபகரணங்கள் இலவசம். 30,000 வரை பாதி விலை.

இவை எல்லாம் கிடைத்தாலும் அந்த இரண்டாவது வீட்டின் பட்ஜெட்டில் துண்டு விழத்தான் செய்யும். உதவித்தொகையை முடிவு செய்யும்போது வீட்டு வருமானத்தோடு செலவையும் சேர்த்து எண்ணும் வரை, அந்தத் துண்டு மளிகைக் கடைக் கடன் நோட்டில்தான் ஏறும்.