வாயில்லா உயிரின் துயரை அளத்தல்

நுழையும்முன்

காய்ச்சலை வெப்பமானி காட்டும். எடையைத் தராசு காட்டும். துயரை எது காட்டும்? தனக்கு நேர்வதை எடுத்துரைக்க இயலாத விலங்கின் மன அழுத்தத்தை அறிவியல் எவ்வாறு அறிகிறது? பண்ணைப் பன்றிகளைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

வடசென்னையின் வண்ணாரப்பேட்டை நெருக்கத்திற்குப் பழகிய ஊர். அங்குச் சந்தும் கடையும் வீடும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. குழாயடியில் குடங்கள் வரிசையாக நிற்கும்போது முன்பின் அறியாத ஒருவர் இடையில் புகுந்தால் பூசல் மூளும். யார் முன், யார் பின் என்பது தெளிவாகிவிட்டால் பூசல் அடங்கும். இடம் குறைவது ஒரு துன்பம். கூட்டத்தில் தனக்குரிய இடம் எதுவெனத் தெரியாமை மற்றொரு துன்பம். கூடிவாழும் விலங்குகளுக்கும் இவ்விரு துன்பங்களும் உண்டு. பண்ணைப் பன்றி அவற்றுள் ஒன்று.

வண்ணாரப்பேட்டைக்கு வடமேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் மாதவரம் அமைந்துள்ளது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் அங்குதான் உள்ளது. 1903ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியை அடித்தளமாகக் கொண்டு 1989இல் இப்பல்கலைக்கழகம் உருவானது. இதன் காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையத்தில் பன்றி இனப்பெருக்கமும் வளர்ப்பு முறைகளும் ஆராயப்படுகின்றன. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 90 இலட்சம் பன்றிகள் இருந்தன. அவற்றை நம்பி வாழும் குடும்பங்கள் பல. ஆகவே பன்றியின் நலம் அவ்விலங்கோடு நின்றுவிடுவதில்லை. வளர்ப்பவரின் வாழ்வையும் அது தொடுகிறது.

தெரிந்து தெளிவோம்

தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் இளமைப் பெயர்களையும் ஆண், பெண் பெயர்களையும் வகுத்துரைக்கிறது. பன்றியின் குட்டியைக் குருளை என்றும், பெண்பன்றியைப் பிணவு என்றும் அழைக்கும் மரபை அது பதிவு செய்துள்ளது.

கூட்டமும் தரவரிசையும்

ஒன்றாக வளர்ந்த பன்றிகள் ஒன்றையொன்று மணத்தாலும் குரலாலும் அறியும். அவற்றிடையே ஒரு தரவரிசை நிலவும். தீவனத் தொட்டியை முதலில் அணுகுவது எது, விலகி வழிவிடுவது எது என்பது அவற்றுக்குத் தெரியும். பண்ணைகளில் எடைக்கேற்பவோ வயதுக்கேற்பவோ பன்றிகளைப் பிரித்து, அறிமுகமற்றவற்றை ஒரே கொட்டிலில் சேர்ப்பது வழக்கம். அப்போது பழைய வரிசை குலைந்து, புதிய வரிசைக்கான சண்டை தொடங்குகிறது. முதல் ஓரிரு நாள்களில் அது கடுமையாக இருக்கும். பின்னர் வரிசை நிலைபெற, சண்டை தணியும். ஆயினும் தீவனத் தொட்டி ஒன்றே இருந்து, இடமும் குறுகியதாக இருந்தால், வரிசையின் கடைசியில் உள்ள பன்றிக்கு நாள்தோறும் அச்சமே வாழ்வாகிவிடும். இதுவே சமூக அழுத்தம் எனப்படுகிறது.

குருதி சொல்லும் செய்தி

அச்சம் நேரும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியைத் தூண்டுகிறது. அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்னும் இயக்குநீரைக் குருதியில் கலக்கிறது. சேமித்த ஆற்றலை வெளிக்கொணர்ந்து, இடரை எதிர்கொள்ள உடலை ஆயத்தப்படுத்துவது இதன் பணி. எனவே குருதியிலுள்ள கார்டிசாலை அளந்தால் அழுத்தத்தை அறியலாம் என்று தோன்றும்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. குருதி எடுக்கப் பன்றியைப் பிடித்து அடக்க வேண்டும். பிடிபட்ட சில நிமிடங்களிலேயே கார்டிசால் உயரத் தொடங்கிவிடும். ஆய்வாளர் அளப்பது கொட்டிலில் பன்றி பட்ட துன்பத்தையா, தாம் அதற்குத் தந்த துன்பத்தையா? அளக்கும் செயலே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடுகிறது. மேலும், கார்டிசால் இயல்பாகவே காலையில் மிகுந்தும் மாலையில் குறைந்தும் காணப்படும். விளையாட்டு போன்ற இனிய கிளர்ச்சியிலும் அது உயரக்கூடும். நெடுங்காலம் துன்புற்ற விலங்கின் உடலிலோ அச்சுரப்பு மழுங்கி, இயல்பான அளவே காணப்படுவதும் உண்டு. ஆகவே உயர்ந்த எண் எப்போதும் துயரைக் குறிப்பதில்லை. தாழ்ந்த எண் எப்போதும் நலத்தைக் குறிப்பதில்லை.

உமிழ்நீரும் மயிரும்

இச்சிக்கலைக் குறைக்க ஆய்வாளர்கள் வேறு வழிகளை நாடினர். பன்றி எதையும் மென்று பார்க்கும் இயல்புடையது. பஞ்சுத் துண்டை நீட்டினால் அது தானாகவே வந்து மெல்லும். பஞ்சில் ஊறிய உமிழ்நீரில் கார்டிசாலை அளக்கலாம். பிடித்தலும் இல்லை, ஊசியும் இல்லை.

உமிழ்நீர் அந்நேரத்து நிலையை மட்டுமே காட்டும். கடந்த சில வாரங்களின் நிலையை அறிய மயிர் உதவுகிறது. மயிர் வளரும்போது குருதியிலுள்ள கார்டிசால் சிறிது சிறிதாக அதனுள் படிகிறது. எனினும் சாணமும் சிறுநீரும் படிந்த மயிர் பிழையான அளவைத் தரக்கூடும். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இதனால் உணரலாம்.

உடலில் பதிந்த வரலாறு

ஆய்வகம் இல்லாத இடத்திலும் கூர்ந்த கண் பலவற்றை அறியும். பன்றியின் தோலிலுள்ள கீறல்களை எண்ணுவது அத்தகைய ஒரு முறை. தலை, காது, தோள் ஆகிய முன்பகுதிகளில் கீறல்கள் மிகுந்திருந்தால் அப்பன்றி நேருக்கு நேர் சண்டையிட்டது எனலாம். பின்பகுதியில் மிகுந்திருந்தால் அது துரத்தப்பட்டது எனலாம். வாலும் பேசும். சுருண்டு நிமிர்ந்த வால்கள் பல தாழ்ந்து ஒடுங்கினால், பன்றிகள் ஒன்றன் வாலை மற்றொன்று கடிக்கும் தீமை அக்கொட்டிலில் தொடங்கவிருப்பதற்கு அஃது அறிகுறியாகலாம்.

மூச்சும் ஒரு சான்று. பன்றிக்கு வியர்த்துக் குளிரும் திறன் மிகக் குறைவு. சேற்றிலும் நீரிலும் புரண்டே அது வெப்பம் தணிக்கிறது. அதை அழுக்கை விரும்பும் விலங்கு என்று பழிப்பது அறியாமை. சென்னையின் கோடைப் புழுக்கத்தில் நீரின்றி அடைபட்ட பன்றி வேகமாக இளைக்கும். அம்மூச்சை எண்ணக் கடிகாரம் ஒன்றே போதும்.

எதிர்பார்ப்பை அளத்தல்

துன்பம் இல்லாமை மட்டுமே நலமாகிவிடாது. 2012இல் வெளியான நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று இதைத் தெளிவாக்கியது. ஓர் ஒலியைக் கேட்டு அணுகினால் ஆப்பிள் கிடைக்கும் என்றும், மற்றோர் ஒலியைக் கேட்டு அணுகினால் விரும்பத்தகாதது நேரும் என்றும் பன்றிகள் பழக்கப்படுத்தப்பட்டன. பின்னர் முன்பு கேட்டிராத ஒலி எழுப்பப்பட்டது. இடவசதியும் வைக்கோலும் பெற்று வாழ்ந்தபோது பன்றிகள் நன்மையை எதிர்பார்த்து அணுகின. வெறுமையான கொட்டிலில் வாழ்ந்தபோது தயங்கி நின்றன. வாழும் சூழல் விலங்கின் எதிர்பார்ப்பையும் வடிவமைக்கிறது.

சட்டமும் அறமும்

1964இல் ரூத் ஹாரிசன் எழுதிய நூல் இங்கிலாந்தில் பண்ணை விலங்குகளின் நிலையை வெளிச்சத்திற்குக் கொணர்ந்தது. மறு ஆண்டு வெளிவந்த பிராம்பெல் குழுவின் அறிக்கை, விலங்குக்கு எழவும் படுக்கவும் திரும்பவும் தன் உடலைத் தூய்மை செய்யவும் கைகால்களை நீட்டவும் இடம் வேண்டும் என்றது. இந்தியா அதற்கு முன்பே 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தை இயற்றியிருந்தது. மாநிலங்களவை உறுப்பினராக அதற்குக் குரல் கொடுத்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அவ்வாரியம் நெடுங்காலம் சென்னையிலிருந்து இயங்கியது. நியாயமான அளவு அசைவதற்கு இடமளிக்காத கூண்டில் விலங்கை அடைப்பது குற்றம் என்கிறது அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு. சினைப்பன்றியைத் திரும்பவும் இயலாத கம்பிச் சிறைக்குள் நிறுத்தும் முறையை இவ்வளவுகோலால் மதிப்பிடலாம்.

தீர்வுகள் எட்டாதவை அல்ல. ஒன்றாக வளர்ந்தவற்றைக் கூடியமட்டும் பிரிக்காதிருத்தல், தீவனத் தொட்டிகளைக் கூட்டுதல், தோற்ற பன்றி விலகி ஒதுங்க இடமளித்தல், கிளறி விளையாட வைக்கோல் இடுதல், கோடையில் நீர் தெளித்தல் ஆகியவை சிறு பண்ணையிலும் இயலும். அழுத்தம் குறைந்த பன்றி நன்கு உண்டு வளரும் என்பதால் வளர்ப்பவருக்கும் அது நன்மையே.

ஓர் எண்ணைக் கொண்டு ஓர் உயிரின் துயரை முடிவு செய்ய இயலாது. உமிழ்நீர், மயிர், தோல், வால், மூச்சு, நடத்தை ஆகிய சான்றுகளை ஒருங்கே வைத்து ஆராயும்போதுதான் உண்மை தெளிவாகிறது. வாயில்லா உயிர் என்று வழங்கப்படும் பன்றி, உண்மையில் தன் உடல் முழுவதாலும் பேசிக்கொண்டே இருக்கிறது. அதைப் பொறுமையோடு கேட்பது அறிவியலின் கடமை. கேட்டபின் கொட்டிலைத் திருத்துவது மனிதரின் கடமை.