பாறு கழுகுகள் ஏன் அழிந்தன? எப்படி மீளும்?

இந்தியாவின் வெண்முதுகுப் பாறு கழுகுகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் 1992க்கும் 2007க்கும் இடையே அழிந்துபோயின. இரை கிடைக்காமலா? இல்லை, செத்த மாட்டுக்குப் பஞ்சமே வந்ததில்லை. மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் போட்ட டைக்குளோஃபினாக் ஊசிதான் காரணம் என்பது 2004இல் ஆய்வில் வெளிப்பட்டது. மருந்து தங்கிய சடலத்தைத் தின்ற பறவையின் சிறுநீரகம் செயலிழக்கிறது; யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளில் வெள்ளையாகப் படிகிறது; சில நாட்களில் சாவு. நூறு சடலங்களில் ஒன்றில்கூட அல்ல, அதற்கும் குறைவானவற்றில் நஞ்சிருந்தாலே இத்தனை பெரிய சரிவுக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரே சடலத்தில் ஒரு கூட்டமே இறங்கித் தின்னும். ஓர் இணையோ ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும்.

2006இலேயே கால்நடைகளுக்கு இம்மருந்தைத் தடை செய்தார்களே, பிறகும் ஏன் பெருகவில்லை? மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுத் தொழுவத்துக்குப் போயின. 2015இல்தான் குப்பியின் அளவை 3 மில்லிலிட்டராகக் குறைத்தார்கள். இதேபோல் கொல்லும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் மருந்துகளைக் கால்நடைகளுக்குப் போட 2023இல்தான் தடை வந்தது. அப்படியானால் மாடு வலியில் துடிக்கட்டுமா என்று வளர்ப்பவர் கேட்பது நியாயமே. மெலாக்சிகாம் இருக்கிறது, அது மாட்டின் வலியைத் தணிக்கும், பாறுகளைக் கொல்லாது. எல்லாம் அழிந்துவிடவில்லை; தமிழ்நாட்டின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. மாடு வளர்ப்பவர்களே, கால்நடை மருத்துவரிடம் மெலாக்சிகாமைக் கேட்டு வாங்குங்கள்.