மனத்தை அளந்து எழுதுவது எப்படி?

மனத்தைக் குரங்குக்கு ஒப்பிடுவார்கள் பெரியோர்கள். ஓரிடத்தில் நில்லாமல் தாவித் திரியும் இந்த மனத்தை அளக்க முடியுமா? முடியும் என்பதே உளவியல் அறிஞர்களின் பதில். 1879-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வூண்ட் என்ற பேராசிரியர் உளவியலுக்கென ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். மனத்தைப் பற்றிய ஆராய்ச்சி தத்துவ வாதங்களோடு நில்லாமல், கடிகாரத்தையும் எண்களையும் துணைக்கு அழைத்துக்கொண்டது.

இன்று பல்கலைக்கழகத்தில் உளவியல் பயிலும் மாணவ மாணவியர், பரிசோதனை செய்து முடித்ததும் ஓர் அறிக்கை எழுத வேண்டும். நமது பௌதிகச் செய்முறைக் குறிப்பேட்டுக்கு அது அக்கா முறை எனலாம். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. தனி ஊசலை ஆட்டி நாம் காணும் விடை முன்பே புத்தகத்தில் இருக்கிறது. மனிதரைச் சோதிக்கும்போது அப்படியில்லை. ஒருவர் போல் மற்றொருவர் இல்லை. காலையில் இருந்தவரே மாலையில் களைத்திருப்பார். ஆகவேதான் அந்த அறிக்கையை எழுதுவதற்கு மிகுந்த கவனமும் நேர்மையும் தேவைப்படுகின்றன.

ஓர் உதாரணத்தைக் கொண்டு இதை விளக்குவோம். ‘சிவப்பு’ என்ற சொல்லை நீல மையால் எழுதி, “மையின் நிறம் என்ன?” என்று தோழியிடம் கேட்டுப் பாருங்கள். ‘நீலம்’ என்று சொல்வதற்குள் நாக்கு சற்றுத் தடுமாறும். சொல்லை வாசிப்பது நமக்கு அவ்வளவு பழகிப் போய்விட்டது. வேண்டாமென்றாலும் கண் வாசித்துவிடுகிறது. இதனை அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஆராய்ந்து 1935-இல் கட்டுரை வெளியிட்டவர் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப். அவருடைய இரண்டாம் பரிசோதனையில் 100 கல்லூரி மாணவர்கள் பங்கேற்றனர். வெறும் வண்ணச் சதுரங்கள் நூற்றின் நிறங்களைச் சொல்ல அவர்களுக்குச் சராசரியாக 63.3 வினாடிகள் ஆயின. வேறு நிறத்தின் பெயராக அமைந்த சொற்கள் நூற்றின் மை நிறங்களைச் சொல்லவோ 110.3 வினாடிகள் ஆயின! இந்தப் பரிசோதனையை ஒரு மாணவி இன்று திரும்பச் செய்து அறிக்கை எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

அந்த அறிக்கையின் உருவம் உடுக்கையைப் போன்றது. தொடக்கத்தில் அகன்று, இடையில் குறுகி, முடிவில் மீண்டும் அகலும்.

முதலில் வருவது முன்னுரை. கவனம் என்றால் என்ன, ஸ்ட்ரூப் கண்டது என்ன, பின்வந்தோர் சொன்னது என்ன என்று விரிவாகத் தொடங்கி, தான் கேட்கும் ஒரே கேள்விக்கு அவள் வந்து சேர வேண்டும். அதன் இறுதியில் கருதுகோளை எழுதுவாள். ‘சொல்லும் நிறமும் முரண்படும்போது நேரம் கூடும்’ என்பது இங்கே கருதுகோள். நாம் மாற்றுவது சாரா மாறி. அதாவது பட்டியலின் வகை. நாம் அளப்பது சார்ந்த மாறி, அதாவது வினாடிகள்.

அடுத்தது முறை. இது சமையல் குறிப்பைப் போல இருக்க வேண்டும். ‘கொஞ்சம் உப்பு’ என்றால் புதிதாகச் சமைப்பவள் திகைப்பாள் அல்லவா? பங்கேற்றவர் எத்தனை பேர், அவர்கள் வயது என்ன, எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டனர், நிறக்குருடு உள்ளவரா என்று பார்க்கப்பட்டதா, அட்டையில் எத்தனை சொற்கள், நேரத்தை எதனால் அளந்தார்கள், என்ன சொல்லித் தொடங்கினார்கள் என்பன யாவும் எழுதப்பட வேண்டும். எல்லோருக்கும் எளிய பட்டியலையே முதலில் கொடுத்தால், இரண்டாவதில் களைப்பு வந்து நேரத்தைக் கூட்டியிருக்கலாம். ஆதலால் பாதிப் பேருக்கு ஒரு வரிசையும் மீதிப் பேருக்கு எதிர் வரிசையும் வைப்பார்கள். அதையும் சொல்ல வேண்டும். பங்கேற்றவர்களின் சம்மதம் பெற்றதைக் கூற வேண்டும். அவர்கள் பெயரை வெளியிடலாகாது.

மூன்றாவது முடிவுகள். இங்கே கருத்துக்கு இடமில்லை, எண்களுக்கே இடம். இரு பட்டியல்களின் சராசரியையும், ஒவ்வொருவரும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகினர் என்பதைக் காட்டும் திட்ட விலக்கத்தையும் தர வேண்டும். பிறகு, அந்த வேறுபாடு தற்செயலாக வந்திருக்குமா என்று பார்ப்பதற்கு ‘டி’ சோதனை செய்வார்கள். இதற்கு அடிப்படை அமைத்தவர் டப்ளின் நகரத்து கின்னஸ் மதுபான ஆலையில் பணியாற்றிய வில்லியம் சீலி காசெட். 1908-இல் தம் பெயரை மறைத்து, ‘மாணவன்’ என்று பொருள்படும் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் அவர் எழுதினார்!

இச்சோதனையிலிருந்து ‘பி’ என்ற மதிப்பு கிடைக்கும். உண்மையில் வேறுபாடே இல்லையென்று வைத்துக்கொண்டால், இவ்வளவோ இதைவிடப் பெரிதோ ஆன வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அது சொல்கிறது. அது 0.05-க்குக் கீழே இருந்தால், அதாவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானால், முடிவைப் பொருட்படுத்தத்தக்கது என்பர். ஆயினும் ‘நிரூபித்துவிட்டோம்’ என்று எழுதலாகாது. ‘எமது கருதுகோளை இம்முடிவுகள் ஆதரிக்கின்றன’ என்று அடக்கமாகவே எழுத வேண்டும். வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதையும் தனியே தர வேண்டும்.

நான்காவது விவாதம். முடிவு எதைக் காட்டுகிறது, முன்னோர் கண்டதோடு ஒத்துப் போகிறதா, பரிசோதனையின் குறைகள் எவை என்று உடுக்கை மீண்டும் அகலும். இறுதியில் மேற்கோள் நூல்களின் பட்டியல் வரும். தலைப்பை அடுத்து வரும் சிறு சுருக்கத்தையோ கடைசியாக எழுதுவதே நலம். வீட்டைக் கட்டி முடித்த பின்தானே வாசலில் கோலம் போடுகிறோம்?

தோழியரே, இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். எதிர்பார்த்தது நடக்காவிட்டால் என்ன செய்வது? நேரம் கூடவேயில்லை என்றால்? ஒத்துவராத இருவரை மட்டும் நீக்கிவிட்டால் கணக்கு அழகாக வந்துவிடும் என்ற ஆசை யாருக்கும் எழலாம். ஆனால் அது சிறிய விஷயமன்று. உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைப் பல அறிஞர்கள் கூடித் திரும்பச் செய்து பார்த்து, 2015-இல் முடிவை வெளியிட்டனர். முதலில் நூற்றுக்கு 97 ஆய்வுகள் பொருட்படுத்தத்தக்க முடிவைத் தந்திருந்தன. மறுமுறை நூற்றுக்கு 36 மட்டுமே தந்தன. மற்றவர் எல்லாரும் பொய் எழுதினார்கள் என்பது இதன் பொருளன்று. சிறிய மாதிரிகளும், சாதகமானதை மட்டும் வெளியிடும் வழக்கமும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அதனால்தான் இன்று பலர், பரிசோதனையைத் தொடங்குமுன்பே கருதுகோளையும் கணக்கிடும் முறையையும் பதிவு செய்துவிடுகின்றனர். இடையில் மாற்றினால் ஊரறியத் தெரிந்துவிடும் அல்லவா?

ஆகவே ‘எமது கருதுகோள் ஆதரிக்கப்படவில்லை’ என்று எழுதும் மாணவி தோற்றவள் அல்லள். என்ன செய்தாள் என்பதைத் தெளிவாகவும், என்ன கண்டாள் என்பதை ஒளிக்காமலும் எழுதியிருந்தால் அவளுடைய அறிக்கை நல்ல அறிக்கையே. ஸ்ட்ரூப் தம் அட்டைகளையும் வினாடிகளையும் ஒழுங்காக எழுதி வைத்ததால் அல்லவா, இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அதைச் செய்து பார்க்க முடிகிறது!

நம்மில் சிலர் நாளை உளவியல் பயிலலாம். பலர் வேறு துறைகளுக்குச் செல்லலாம். எனினும் நாளைக்கே நம் முன் செய்முறைக் குறிப்பேடு விரிந்திருக்கும். அதில் நம் ஊசல் காட்டிய நேரத்தையே எழுதுவோம். புத்தகம் காட்டிய நேரத்தையன்று. அறிவியலின் முதற்பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

— பத்தாம் வகுப்பு மாணவி